காத்திருக்கும் மலர்

ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். நான் தலைமையாசிரியர் பணியினின்றும் ஓய்வு பெற்ற புதிதில், உறவுக்காரப் பையன் ஒருவன் வடநாட்டு மலைப்பகுதியிலுள்ள நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து மூன்று குமிழங்களை வரவழைத்துக் கொடுத்தான். பார்வைக்கு அவை பெரிய வெங்காயங்களைப் போலவே இருந்தன. மேல்தோல் மட்டும் ஊதா நிறத்தில் பட்டுப்போலப் பளபளத்தது. "தாத்தா, இதன் பெயர் ஹயசிந்து. தொட்டியில் வைத்துப் பாருங்கள், வீடே மணக்கும்" என்றான்.

அப்போது ஐப்பசி மாதம். மூன்று மண்தொட்டிகளில் செம்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, தொட்டிக்கு ஒன்றாக நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரம் சென்றது, இரண்டு வாரம் சென்றது, முளை தலைகாட்டவில்லை. மூன்றாம் வாரத்தில் என் பொறுமை கடந்தது. மண்ணுக்குள் என்னதான் நடக்கிறது என்று அறியும் ஆவலால், ஒரு குமிழத்தைத் தோண்டி எடுத்தேன். அடியில் வெண்ணிற வேர்கள் நான்கைந்து இருந்தன. நான் இழுத்த வேகத்தில் அவை அறுந்தன. மீண்டும் நட்டேன், அஃது அழுகிவிட்டது. மற்ற இரண்டும் முளைத்தன. ஆயினும் இலைகள் நான்கு விரற்கடைக்கு மேல் வளரவில்லை. பூங்கொத்தோ இலைகளின் நடுவே தொண்டையில் சிக்கிய சொல்லைப்போல் நின்றுவிட்டது. இரண்டு மூன்று பூக்கள் அங்கேயே விரிந்து, அங்கேயே வாடின.

தவறு எங்கே நிகழ்ந்தது? குமிழத்திலா, மண்ணிலா, என்னிடத்திலா? இவ்வினாவுக்கு விடை தேடிப் புகுந்த நான், ஓர் எளிய பூந்தொட்டிக்குப் பின்னால் நானூறு ஆண்டு வரலாறு நிற்பதைக் கண்டேன். தூதரும் அறிஞரும், வணிகரும் தோட்டக்காரரும், பேராசை கொண்டோரும் பொறுமை கொண்டோரும் அவ்வரலாற்றில் வருகின்றனர். அதனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். ஹயசிந்து என்றவுடன், நம் ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் ஆகாயத் தாமரை உங்களுள் சிலருக்கு நினைவு வரலாம். அதற்கு ஆங்கிலத்தில் ‘நீர் ஹயசிந்து’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பூங்கொத்தின் தோற்றத்தில் உள்ள ஒற்றுமையால் வந்த பெயரேயன்றி, இரண்டிற்கும் உறவு ஏதும் இல்லை. ஆகாயத் தாமரை தென் அமெரிக்க நீர்நிலைகளிலிருந்து வந்தது. நாம் பேசும் ஹயசிந்து மேற்கு ஆசியாவின் கற்பாங்கான மலைச்சரிவுகளில் பிறந்தது.

உண்மையான உறவினர் வேண்டுமாயின், நம் நாட்டிலேயே உண்டு. மாலை கட்டுவோர் விரும்பும் நிலச்சம்பங்கியை, இன்றைய தாவரவியலார் ஹயசிந்தின் குடும்பத்திலேயே வைக்கின்றனர். அதனினும் நெருங்கிய உறவு நரிவெங்காயம். வறண்ட தரிசுகளிலும் மணற்பாங்கான இடங்களிலும் அது தானே வளர்வதை நீங்கள் கண்டிருக்கலாம். ஆண்டின் பெரும்பகுதி அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். கோடை வெயிலில் புல்லும் கருகிக் கிடக்கும் வேளையில், இலை ஒன்றும் இன்றி வெறும் பூந்தண்டு மட்டும் நெட்டென எழும். மழை வந்த பின்னரே இலைகள் தோன்றும். காலம் அறிந்து காத்திருத்தல் இக்குலத்திற்கே உரிய பண்பு போலும்!

ஹயசிந்து என்னும் பெயர் கிரேக்கப் பழங்கதையிலிருந்து வந்தது. ஹயகிந்தோஸ் என்பவன் ஸ்பார்த்தா நாட்டு அழகிய இளைஞன். அப்பல்லோ தேவன் அவனிடம் பேரன்பு கொண்டிருந்தான். இருவரும் வட்டெறிந்து விளையாடியபோது, அப்பல்லோ எறிந்த வட்டு இளைஞனின் தலையில் பட்டு அவன் மாண்டான். அவன் சிந்திய குருதியிலிருந்து ஒரு மலர் தோன்றியது என்பது கதை. அவன் நினைவாக ஸ்பார்த்தாவை அடுத்த அமிக்ளே என்னும் ஊரில் ஆண்டுதோறும் விழா எடுத்தனர். அம்மலரின் இதழ்களில் துயரக் குரலைக் குறிக்கும் எழுத்துகள் காணப்படும் என்று பழைய நூலோர் கூறுவர். ஆனால் இன்றைய ஹயசிந்தின் இதழில் அத்தகைய எழுத்து ஏதும் இல்லை. ஆகவே கதையில் வரும் மலர் வேறொன்றாதல் வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். வரலாறு பயிலும் மாணவர் இதனை மனத்தில் கொள்ளுதல் நன்று. பெயர் ஒன்றாய் இருப்பதனாலேயே பொருளும் ஒன்று என முடிவு கட்டலாகாது. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இச்செடிக்கு ‘ஹயசிந்தஸ் ஓரியண்டாலிஸ்’ என்று பெயர் சூட்டினார். கீழ்த்திசை ஹயசிந்து என்பது அதன் பொருள்.

அக்கீழ்த்திசை எது? துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான் ஆகிய நிலங்களே அதன் தாயகம். அங்கே கோடை கடுமையானது. மாதக் கணக்கில் மழை இராது. குளிர்காலமோ ஈரமும் குளிரும் மிக்கது. மலைகளில் பனியும் பெய்யும். இத்தகைய நிலத்தில் வாழும் செடி என்ன செய்யும்? வசந்தத்தில் விரைந்து பூத்து, இலைகள் ஈட்டிய உணவையெல்லாம் நிலத்தடியில் சேமித்துக்கொண்டு, கோடை வருமுன் மேலே உள்ளனவற்றை உதிர்த்துவிடும். அச்சேமிப்புக் கிடங்கே குமிழம். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்து பார்த்தால் தெரியும் சதைப்பற்றான அடுக்குகள் அனைத்தும் உணவு நிரம்பிய செதில் இலைகளே. அவற்றின் நடுவில், அடுத்த ஆண்டுக்கான குருத்து பாதுகாப்பாய் இருக்கும்.

காட்டில் வளரும் ஹயசிந்தில் நீலநிறப் பூக்கள் சிலவே தொங்கும். அதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பேணியவர்களுள் முதன்மையானவர் உதுமானியத் துருக்கியர். ‘சும்புல்’ என்பது அவர்கள் இட்ட பெயர். சுருண்ட இதழ்களைக் கண்ட பாரசீகப் புலவர்கள் காதலியின் சுருள் கூந்தலுக்கு இதனை உவமை கூறினர். பதினாறாம் நூற்றாண்டில் இஸ்னிக் நகரத்துக் கைவினைஞர் செய்த புகழ்பெற்ற ஓடுகளில், துலிப், ரோஜா, கார்னேஷன் ஆகியவற்றோடு ஹயசிந்தையும் இன்றும் காணலாம்.

1554-ஆம் ஆண்டில், ஆஸ்திரியாவை ஆண்ட பெர்டினாண்டு மன்னர், பூஸ்பெக் என்னும் அறிஞரைச் சுல்தான் சுலைமானிடம் தூதராக அனுப்பினார். எட்ரியானோப்பிளிலிருந்து கான்ஸ்டாண்டிநோப்பிள் செல்லும் வழியில், நடுக்குளிர்காலத்திலும் நார்சிசஸ், ஹயசிந்து, துலிப் ஆகிய மலர்கள் எங்கும் பூத்திருப்பதைக் கண்டு வியந்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். தூதர் வழியாகவும் வணிகர் வழியாகவும் இம்மலர்களின் குமிழங்கள் மேற்கே சென்றன. வியன்னா நகரில் பேரரசரின் தோட்டத்தைப் பேணிவந்த குளூசியஸ் என்னும் தாவரவியல் அறிஞர், அத்தகைய அரிய குமிழங்களைத் திரட்டி வளர்த்தார்.

குளூசியஸை நான் இங்கே சற்று நின்று வணங்குகிறேன். 1593-ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகம் அவரைத் தன் தோட்டத்தை அமைக்க அழைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு, உடலும் தளர்ந்திருந்தது. அந்நாடோ ஸ்பெயினோடு விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தது. அம்முதுமையிலும் அவர் சென்றார், தோட்டம் அமைத்தார், நண்பர்களுக்குக் குமிழங்களைப் பகிர்ந்தளித்தார், கேட்டும் பெறாதவர் சிலர் இரவில் திருடியும் சென்றனர். 1601-இல் வெளிவந்த அவரது பெருநூலில் கீழ்த்திசை ஹயசிந்து வகைகள் விளக்கப்பட்டுள்ளன. 1609-இல் அவர் மறைந்தார். தாம் நட்டவை ஒரு நாட்டின் செல்வமாக வளரப்போகின்றன என்பதை அவர் காணவில்லை.

ஹாலந்தின் கடற்கரை மணற்குன்றுகளுக்குப் பின்னால், ஹார்லம் நகரைச் சூழ்ந்து, நீர் தேங்காத மணற்பாங்கான நிலம் உண்டு. குமிழங்களுக்கு அது மிகவும் ஏற்றதாய் அமைந்தது. ஆனால் மலர் வளர்ந்த இடத்தில் பேராசையும் வளர்ந்தது. துலிப் குமிழங்களை, அவை மண்ணுக்குள் இருக்கும்போதே, கண்ணால் காணாமலே விலைபேசி, வாங்கியவர் மற்றொருவருக்கு விற்க, அவர் இன்னொருவருக்கு விற்க, விலை வானளாவ உயர்ந்தது. 1637-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், ஹார்லத்தில் வாங்குவார் இல்லாது போயிற்று. வாணிகம் சரிந்தது. அதனைக் கண்டித்து அவ்வாண்டே சிறு நூல்கள் சில வெளிவந்தன. மெய் பேசுவோன் என்றும், பொருளாசை பிடித்தவன் என்றும் பொருள்படும் பெயருடைய இருவர் உரையாடுவதாக அவை அமைந்திருந்தன.

ஹயசிந்தின் காலம் அதன்பின் வந்தது. ஹார்லத்தில் பீட்டர் ஃபோர்ஹெல்ம் என்னும் தோட்டக்காரர் வாழ்ந்தார். விதையிலிருந்து புதிய வகைகளை வளர்ப்பது அவர் தொழில். இதழ்கள் பல அடுக்காய் அமைந்த பூக்கள் சிற்சில வேளை தோன்றும். நம் அடுக்குமல்லி போல. அவற்றில் விதை பிடிப்பதில்லை. ஆதலால் அவர் அவற்றை உதவாதவை எனப் பிடுங்கி எறிந்துவிடுவது வழக்கம். ஓர் ஆண்டு நோயுற்றுப் படுத்திருந்தமையால், வழக்கம்போல் தோட்டத்தைச் சுற்றிவர இயலவில்லை. பூக்காலம் முடியும் தறுவாயில் எழுந்து சென்றபோது, பிடுங்கப்படாமல் தப்பிய அடுக்குப் பூ ஒன்று முழுதும் மலர்ந்து நின்றது. அதன் அழகு அவர் மனத்தை மாற்றியது. அதனைப் பெருக்கினார். பின்னர் அவர் தோட்டத்தில் தோன்றிய வேறோர் அடுக்குப் பூவுக்கு, இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஹாலந்து இளவரசர் வில்லியமைப் போற்றி, ‘பெரிய பிரிட்டனின் மன்னர்’ என்று பெயர் இட்டனர். அதன் குமிழம் ஒன்று ஆயிரம் கில்டருக்கு மேலும் விலைபோயிற்று என்பர். எத்தனை ஆண்டுகளாக எத்தனை அழகிய மலர்களை அவர் கையே பிடுங்கி எறிந்ததோ! ஒரு நோய் வந்து அக்கையைத் தடுத்திராவிடில், அடுக்கு ஹயசிந்து அத்தோட்டத்தினின்றும் வெளியே வந்திராது.

1730-களில் பழைய நோய் புதிய மலரில் மீண்டும் தோன்றியது. ஹயசிந்து விலைகள் ஏறின. பொறுமையற்றோர் மீண்டும் கூடினர். 1637-இல் வெளிவந்த அந்த உரையாடல் நூலை, மக்களை எச்சரிக்கும் பொருட்டு 1734-இல் மறுபடியும் அச்சிட்டனர். நூறாண்டுக்கு முந்திய எச்சரிக்கை ஒன்று சொல் மாறாமல் பயன்பட்டது என்றால், மனித இயல்பைப் பற்றி நாம் என்ன சொல்வது? எச்சரிக்கை பலிக்கவில்லை. 1735-இல் நூறு கில்டர் பெற்ற சில வகைகள், 1739-இல் பத்துக் கில்டரும் பெறவில்லை. வாணிகச் சூதாடிகள் விலகினர். தோட்டக்காரர் மட்டும் தம் வேலையைத் தொடர்ந்தனர். பீட்டரின் வழித்தோன்றலான ஜார்ஜ் ஃபோர்ஹெல்ம் 1752-இல் ஹயசிந்து வளர்ப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்நூற்றாண்டில் வகைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது.

இந்தக் காலத்தில்தான் ஹயசிந்து தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. வட ஐரோப்பாவின் நெடிய குளிர்காலத்தை நாம் இங்கிருந்து கற்பனை செய்வது கடினம். மாலை நான்கு மணிக்கே இருள். மரங்களில் இலை இல்லை. மண் உறைந்து கிடக்கும். அவ்வேளையில் சாளரத்தின் அருகே ஒரு தொட்டியில் நீலமும் வெண்மையும் இளஞ்சிவப்புமாய் மலர்ந்து மணக்கும் ஹயசிந்து, வரப்போகும் வசந்தத்தின் தூதாக விளங்கியது. தொட்டி மட்டும் அன்று; கழுத்துக் குறுகி வாய் அகன்ற கண்ணாடிக் கலத்தில் நீரை நிரப்பி, வாயில் குமிழத்தை அமர்த்தி, வேர்கள் நீருக்குள் இறங்குவதைக் கண்டு மகிழ்ந்தனர். நீராவி எந்திரத்தைச் சுவீடனில் முதன்முதல் அமைத்த பொறியாளர் மார்ட்டின் ட்ரீவால்டு, இவ்வாறு நீரில் குமிழ மலர்களை வளர்த்த சோதனைகளை 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பினார்.

அக்காலத்துத் தோட்டக்காரருக்கு ஒன்று தெரியும். குமிழத்தைத் தொட்டியில் நட்டவுடன் வெளிச்சமான சூடான அறையில் வைத்தல் ஆகாது. குளிர்ந்த இருட்டான இடத்தில் பல வாரம் வைத்தல் வேண்டும். ஏன் என்பதை மட்டும் அவர்கள் அறியவில்லை. அனுபவம் முறையைக் கற்பித்தது. காரணத்தை அறிய அறிவியல் வரவேண்டியிருந்தது.

அறிவியல் முதலில் நோயைத் தேடி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹயசிந்து வயல்களில் ஒரு கொள்ளைநோய் பரவியது. இலையில் மஞ்சள் கோடுகள் தோன்றும்; குமிழத்தை அரிந்தால் மஞ்சள் நிறக் கூழ் கசியும்; வெளியே நன்றாகத் தோன்றும் குமிழமும் உள்ளே அழிந்திருக்கும். ஆம்ஸ்டர்டாமில் ஹ்யூகோ டி வ்ரீஸ் என்னும் பேராசிரியரிடம் பயின்ற வாக்கர் என்னும் இளைஞர், இதனை ஆராய முற்பட்டார். பாக்டீரியா என்னும் நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம் என்று அவர் 1883-இல் எடுத்துரைத்தார். காச நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ராபர்ட் கோக் அறிவித்தது அதற்கு முந்திய ஆண்டுதான். செடிக்கும் நுண்ணுயிரால் நோய் வரும் என்பதை அந்நாளில் பெரிய அறிஞர் பலரே நம்பவில்லை. அமெரிக்காவில் பேரி மரத்து நோயைப் பற்றிப் பரில் என்பவர் கூறியதும், ஹாலந்தில் ஹயசிந்தைப் பற்றி வாக்கர் கூறியதும் இத்துறைக்கு அடித்தளமாயின.

அடுத்து வந்தது காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிக்கோலாஸ் டாமஸ் என்னும் ஹாலந்து வளர்ப்பாளர், வயலிலிருந்து எடுத்த குமிழங்களைக் கோடையில் தக்க வெப்பத்தில் வைத்துப் பேணினால், கிறிஸ்துமஸ் திருநாளுக்கே அவற்றைப் பூக்கச் செய்யலாம் என்று கண்டார். இதன் உள்விளக்கத்தைக் காண முற்பட்டவர் வாகனிங்கன் நகரத்துப் பேராசிரியர் பிளாவ். அவரும், இடா லைட்டன் என்னும் பெண் அறிஞர் முதலிய உடனுழைப்பாளரும் செய்த வேலை, கேட்பதற்கு மிக எளியது. ஆண்டு முழுவதும், குறித்த கால இடைவெளிகளில் குமிழங்களை எடுத்து, செதில்களை ஒவ்வொன்றாக உரித்து, நடுவில் உள்ள குருத்தை நுண்பெருக்கி வழியே நோக்கி, கண்டதைக் குறித்துவைத்தனர். ஹயசிந்தைப் பற்றிய பிளாவின் ஆராய்ச்சி 1920-இல் வெளிவந்தது.

அவர்கள் கண்டது என்ன? வசந்தம் முடிந்து இலைகள் காய்ந்த பின், குமிழம் உறங்குவதாகவே உலகம் எண்ணியிருந்தது. உண்மையில் அது சிறிதும் உறங்கவில்லை. வறண்ட குமிழம் அலமாரியில் கிடக்கும் அந்தக் கோடை மாதங்களில், ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில், அதன் நடுவே அடுத்த ஆண்டின் பூங்கொத்து உருவாகிறது. முதலில் வளர்முனை அகல்கிறது; பின்னர் அதன்மேல் சிறு புடைப்புகள் தோன்றுகின்றன; அவை ஒவ்வொன்றும் பூவாகின்றன; இதழும் மகரந்தத் தாளும் சூலகமும் முறையே அமைகின்றன. இலையுதிர்காலத்தில் நாம் குமிழத்தை நடும்போது, வரப்போகும் பூ முழுவதும், ஒன்று குறையாமல், அதனுள் நுண்ணிய வடிவில் முன்னமே இருக்கிறது.

அப்படியானால் குளிர் எதற்கு? பூவை உண்டாக்க அன்று. பூவை வெளியே கொணர. ஏறத்தாழ 9 டிகிரி குளிரில், இருளில், பத்து முதல் பதினான்கு வாரம் இருக்கும்போது, வேர்கள் பரவுகின்றன. சேமித்த மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. பூந்தண்டு நீளும் ஆற்றலைப் பெறுகிறது. குளிரில்லாமல் வெளிச்சத்துக்கு வந்த குமிழத்தில் பூ இருக்கும், தண்டு நீளாது. இலைகளின் நடுவே சிக்கி அது அங்கேயே வாடும். என் தொட்டிகளில் நிகழ்ந்ததும் அதுவே. எந்தக் குறையும் இல்லாத குமிழங்களை, அவற்றுக்கு உரிய காலத்தைக் கொடுக்காமல் நானே கெடுத்தேன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். காத்திருத்தல் என்பது கைகட்டிக்கொண்டு இருத்தல் அன்று. ஹயசிந்து தானாக மிகச் சில குட்டிக் குமிழங்களையே ஈனும். ஆகவே வளர்ப்போர் கோடையில் குமிழத்தின் அடித்தட்டைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியோ, குடைந்தெடுத்தோ வைப்பர். காயத்தின் ஓரங்களில் இருபது, முப்பது எனச் சிறு குமிழங்கள் தோன்றும். அவை பூக்கும் பருவம் எய்த மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். ஆண்டுதோறும் அவற்றை நட்டு, எடுத்து, உலர்த்தி, நோயுற்றதை விலக்கி, மீண்டும் நடவேண்டும். காலம் தானே அனைத்தையும் செய்யும் என்று இருப்பவனுக்கு அழுகிய குமிழமே மிஞ்சும். காலத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்து, அதற்கு வேண்டியதைச் செய்து, அதற்குமேல் கை வைக்காமல் இருப்பதே பொறுமை.

நீங்களும் வளர்த்துப் பார்க்க விரும்பினால், முறை இதுதான். காஷ்மீரத்திலும் இமயமலைச் சாரலிலும் இயற்கையே குளிரைத் தரும். நம் சமவெளியில் குளிர்ப்பெட்டியின் துணை வேண்டும். காய்ந்த குமிழங்களைக் காகிதப் பையில் இட்டு, கீழ்த்தட்டில் பன்னிரண்டு வாரம் வைக்கவேண்டும். வெறும் கையால் நெடுநேரம் தொட்டால் அரிப்பு உண்டாகும், உண்டால் நஞ்சு, ஆதலால் வெங்காயம் என்று மயங்காதவாறு பையின்மேல் எழுதிவைத்தல் நன்று. பழுத்த பழங்களை அருகில் வைக்கலாகாது. அவை விடும் எத்திலீன் என்னும் வாயு உள்ளிருக்கும் பூவைக் கெடுத்துவிடும். பின்னர், அடியில் துளையுள்ள மண்தொட்டியில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, குமிழத்தின் நுனி சிறிது வெளியே தெரியுமாறு நடவேண்டும். பல குமிழங்களானால் நெருக்கமாக நடலாம்; ஒன்றையொன்று தொடலாகாது. மண் ஈரமாய் இருந்தால் போதும். நீர் தேங்குதல் கூடாது. வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில், இருளில், முளை இரண்டு அங்குலம் எழும்வரை வைத்துப் பின்னர் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவருக. நேர் வெயில் ஆகாது.

மறு ஆண்டு நான் அவ்வாறே செய்தேன். தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கூடத்துக் கதவைத் திறந்தபோது மணம் முன்னே வந்தது. வெள்ளைப் பூக்கள், முப்பதுக்கு மேல் எண்ணினேன். நம் ஊர் வெப்பத்தில் ஐந்து நாளே நின்றன. அவ்வைந்து நாளும், தெருவில் உள்ள பிள்ளைகள் வந்து வந்து முகர்ந்து சென்றார்கள்.

அந்த மலரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மகிழ்ச்சியோடு வேறொரு நினைவும் வந்தது. அதனைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் நேர்மையாகாது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். குழந்தைகளின் மனவளர்ச்சியைப் பற்றித் தேர்வெழுதித் தேறியவன். தலைமையாசிரியனான முதல் ஆண்டில், சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். அரையாண்டு வரையில் அவன் வகுப்பில் வாய் திறந்ததில்லை. வினாவினால் தலைகுனிந்து நிற்பான். தேர்வில் மதிப்பெண்ணும் இல்லை. அவன் தந்தையை அழைத்து, "முன்னேற்றம் தெரியவில்லை; ஏதேனும் தொழிலில் சேர்த்துவிடுவது நலம்" என்று சொன்னேன். அவர் என்னை மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. படித்தவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார். மறுநாள் பையன் வரவில்லை. சில வாரம் கழித்து, அவன் இருந்த இடத்தின் மேசைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்ததை வகுப்பாசிரியர் கொண்டுவந்து காட்டினார். கணக்குகள். நாங்கள் நடத்திய பாடங்கள் மட்டும் அல்ல. இன்னும் நடத்தாத பாடங்களின் கணக்குகளையும், தானே படித்து, பென்சிலால், சிறு எழுத்தில், வரிசையாகப் போட்டிருந்தான். பல தவறு, சில சரி, பக்கம் செல்லச் செல்லச் சரியானவை மிகுந்துவந்தன.

நான் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். வேலை தேடிக் குடும்பமே வேறூர் சென்றுவிட்டது என்றார்கள். அதன்பின் அவனை நான் காணவில்லை.

வேர் விட்டுக்கொண்டிருந்ததைத்தான் அன்று நான் இழுத்தேன். முளையை மட்டுமே தேடிய கண்ணுக்கு வேர் தெரியவில்லை. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராகலாம், மருத்துவராகலாம், பலரை ஆளும் பொறுப்பிலும் அமரலாம். ஒருவரைத் ‘தேறாதவர்’ என்று தீர்ப்பெழுதும் எழுதுகோல் உங்கள் கைக்கு வரும். அன்றைக்கு அடுக்குப் பூக்களைப் பிடுங்கி எறிந்த ஃபோர்ஹெல்மின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாவும் அவர் தோழரும் செய்ததுபோல், தீர்ப்பெழுதுமுன் உள்ளே என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். உள்ளே அழுகல் உண்டானால், வாக்கரைப் போல் அதன் காரணத்தைத் தேடுங்கள். உள்ளே வேர் ஓடிக்கொண்டிருந்தால், தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

உங்களுள் எவரேனும் இன்று அந்த இருட்டு மூலையில் இருந்தால், பூந்தண்டு நீளவில்லையே என்று வருந்தினால், உங்களுக்கும் ஒன்று சொல்வேன். நோட்டுப் புத்தகத்தை மேசைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அதனை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். சில வேளைகளில் எங்களுக்கும் கண் தெரிவதில்லை.